பழகிப்போகாத சத்தம்

"ஆரம்பத்துல தூக்கமே வரல, இப்போ பழகிப்போச்சு." ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள், நெடுஞ்சாலையைப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள், விமானம் தாழப் பறக்கும் இடத்தில் வாழ்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. குடிவந்த புதிதில் ஒவ்வொரு ரயிலுக்கும் விழித்துக்கொண்டவர்கள், சில மாதங்களில் விடியும் வரை தூங்கத் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி "இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்கும்போதுதான் சத்தம் இருப்பதே அவர்களுக்கு நினைவு வருகிறது.

ஆனால் பழகியது மனசு மட்டும்தான். உடம்பு பழகவில்லை. ஒலி மாசு பற்றி எவ்வளவு படித்தாலும், யாரிடம் பேசினாலும், நான் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. தூங்கும்போதும் காது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். கேட்ட சத்தம் ஆபத்தா இல்லையா என்று மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி நம்மைக் கேட்காமலேயே முடிவு செய்கிறது. நாம் விழிக்காவிட்டாலும் இதயத்துடிப்பு கொஞ்சம் எகிறும், ரத்தக் குழாய்கள் இறுகும், அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கும், ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமான தூக்கமாக மாறும். காலையில் கேட்டால், "நல்லாத்தான் தூங்கினேன்" என்போம். நடந்தது எதுவும் நமக்குத் தெரியாது.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து மருத்துவ ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மறக்கவே மறக்காது. ஆரோக்கியமான 75 பேரை எடுத்துக்கொண்டார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அவரவர் வீட்டிலேயே தூங்கச் சொல்லி, பதிவு செய்த விமானச் சத்தத்தை ராத்திரியில் ஒலிக்கவிட்டார்கள். ஓர் இரவு சத்தமே இல்லை, இன்னோர் இரவு 30 விமானங்கள், மற்றோர் இரவு 60. காலையில் ரத்தக் குழாய் எவ்வளவு நன்றாக விரிந்து கொடுக்கிறது என்று சோதித்தார்கள். ஒரே இரவுச் சத்தத்திலேயே அந்தத் திறன் குறைந்திருந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் தெரியவந்தது. முதலில் 30 விமான இரவைக் கடந்துவிட்டு அப்புறம் 60 விமான இரவுக்கு வந்தவர்களிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது. முந்தைய சத்தம் உடம்பைப் பழக்கியிருந்தால் பாதிப்பு குறைந்திருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர்.

இப்படி ஒவ்வொரு இரவும் நடந்து, வருடக்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தமும் இதய நோயும் கூடுவதில் வியப்பில்லை. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட ஒரு கணக்கின்படி, மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்துச் சத்தத்தால் ஆண்டுதோறும் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் பறிபோகின்றன. தூக்கக் கெடுதல், மன எரிச்சல், இதய நோய், குழந்தைகளின் கற்றல் பாதிப்பு எல்லாம் சேர்த்த கணக்கு அது. அதே நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் இரவு நேரச் சராசரிச் சத்தம் சாலையிலிருந்து வந்தால் 45 டெசிபலுக்கும், ரயிலிலிருந்து வந்தால் 44-க்கும், விமானத்திலிருந்து வந்தால் 40-க்கும் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இது வீட்டுக்கு வெளியே அளக்கிற அளவு. ஒரு பரபரப்பான சாலையோரம் நின்று கைபேசியில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து பாருங்கள், நாம் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று தெரியும். செயலியின் அளவு துல்லியமாக இருக்காதுதான், ஆனாலும் ஒரு மதிப்பு கிடைக்கும்.

டெசிபல் என்று சொல்லும்போதே ஒன்றை விளக்கியாக வேண்டும். இது மடக்கை அளவு, அதாவது எண் கொஞ்சம் கூடினாலே ஆற்றல் மடங்கு மடங்காக ஏறிவிடும். 60-க்கும் 70-க்கும் வித்தியாசம் வெறும் 10 தானே என்று தோன்றும், ஆனால் ஒலியின் ஆற்றல் அங்கே 10 மடங்கு கூடியிருக்கிறது. காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு உரக்கக் கேட்கும். 3 டெசிபல் கூடினால் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும், ஆனால் காது அதைக் கவனிப்பதே கஷ்டம். வேலையிடத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு இதிலிருந்துதான் வருகிறது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 88 என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம். 94-க்கு 1 மணி நேரம்தான். 100-ஐத் தொட்டால் வெறும் 15 நிமிடம். காதுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாத ஏற்றம், அனுமதிக்கப்பட்ட நேரத்தை இப்படிப் பாதி பாதியாகத் தின்றுகொண்டே போகிறது.

இதையெல்லாம் நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் அப்பா. தகரம் அடிக்கும் பட்டறையில்தான் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. தகடு வெட்டும் சத்தம், சுத்தியல், கிரைண்டர், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. காதில் வைத்துக்கொள்ள எதுவும் அங்கே கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காதில் ஒரு ரீங்காரம் இருக்குமாம். தூங்கி எழுந்தால் போய்விடுமாம். போய்விடுகிறதே என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு கட்டத்தில் அது போகாமலே தங்கிவிட்டது.

அப்பாவுக்குக் காது கேட்காது என்று சொன்னால் அது சரியாக இருக்காது. கேட்கிறது, புரியவில்லை. சட்டையை எடுத்து வரச் சொன்னால் கட்டையா, பட்டையா என்று கேட்பார். 'சட்டை'யின் முதல் எழுத்து அவருக்குப் போய்ச் சேருவதே இல்லை, மிச்சத்தை வைத்து ஊகிக்கிறார். அம்மா குரலை உயர்த்துவார். உடனே, "ஏன் கத்துற, எனக்குக் கேக்குது" என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும், அது அவருக்கு நன்றாகவே கேட்கிறது. சொற்களைப் பிரித்துக் காட்டுகிற ச, த, க, ப போன்ற மெய்யொலிகளின் நுணுக்கமெல்லாம் உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. சத்தம் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். செவிப் பரிசோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். சத்தமான இடத்தில் வேலை பார்த்தவர் என்பதற்கு மருத்துவர்கள் அதை ஓர் அடையாளமாகவே பார்க்கிறார்கள். அப்பாவின் வரைபடத்தை நான் பார்த்தேன். கோடு நேராக வந்து அங்கே சட்டென்று இறங்கியிருந்தது.

உள்காதில் நத்தை ஓடு வடிவத்தில் ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு காதிலும் அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுவது அவைதான். பறவைகளுக்கு இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது. பிறக்கும்போது கொடுத்ததுதான் கடைசி வரை. அப்புறம் 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மேனும் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். பலத்த சத்தத்துக்குப் பிறகு தற்காலிகமாக மந்தமான கேட்கும் திறன், சில நாள்களில் பரிசோதனையில் பழையபடி திரும்பிவிட்டது. செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தச் செல்களை நரம்போடு இணைக்கும் இணைப்புகள் சில இடங்களில் பாதி வரை அழிந்துபோயிருந்தன, அவை திரும்பவில்லை. தூங்கி எழுந்தால் ரீங்காரம் போய்விடுகிறது என்று அப்பா நிம்மதியாக இருந்த அத்தனை வருடங்களையும் நான் அதற்குப் பிறகு வேறு மாதிரி நினைக்கத் தொடங்கினேன்.

பட்டறைக்காரர்களின் காது கெடும் என்பது புதுச் செய்தியும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, செம்பு அடிக்கும் தொழிலாளர்கள் நாளாக ஆகச் செவிடாகிறார்கள் என்று எழுதிவைத்துவிட்டார். முந்நூறு வருடமாகத் தெரிந்த ஒரு நோயை, ஒரு ஜோடி காதடைப்பானால் பெருமளவு தடுக்கக்கூடிய நோயை, இன்னமும் தொழிலோடு சேர்ந்து வருகிற விதி மாதிரி ஏற்றுக்கொள்கிறோமே, இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது பட்டறைக்குப் போகாதவர்களும் பட்டறையைக் காதில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஹெட்போனில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் வரை பரவாயில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, குழந்தைகளுக்கு 75 டெசிபல். பிரச்சினை என்னவென்றால், பேருந்திலோ ரயிலிலோ சுற்றுச்சத்தத்தை அமுக்குவதற்காகவே ஒலியைக் கூட்டுகிறோம். நூறு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் செவித்திறன் ஆபத்தில் இருக்கிறது என்று அதே நிறுவனம் எச்சரிக்கிறது. வெளிச்சத்தத்தை ரத்து செய்யும் வகை ஹெட்போன் இந்த இடத்தில் உண்மையாகவே உதவும், கூட்ட வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

காதை விட்டுவிடுவோம். குழந்தைகளின் படிப்புக்கு வருகிறேன்.

1970-களில் நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடம். அதன் ஒரு பக்கத்தை ஒட்டி உயரப் பாலத்தில் ரயில் ஓடியது. சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். அது கடக்கும்போது ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், போனதும் விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும். அர்லீன் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளருக்கு இது தெரியவந்தபோது அவர் ஓர் எளிய காரியம் செய்தார். அதே பள்ளியில் ரயில் பக்கத்து வகுப்பறைகளில் படித்த பிள்ளைகளின் வாசிப்புத் திறனையும், மறுபக்க அமைதியான வகுப்பறைகளில் படித்த பிள்ளைகளின் வாசிப்புத் திறனையும் ஒப்பிட்டார். அதே பள்ளி, அதே பாடம், அதே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். ஆறாம் வகுப்பு வரும்போது ரயில் பக்கத்துப் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். 1975-இல் இது வெளியானது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். ரயில் நிர்வாகம் தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகளைப் பொருத்தியது. பள்ளி நிர்வாகம் சத்தம் அதிகமிருந்த வகுப்பறைகளின் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகளைப் பதித்தது. பிறகு பிரான்சாஃப்ட் மறுபடி வந்து அளந்தபோது இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. ரயில் நிற்கவில்லை, பள்ளியும் இடம் மாறவில்லை. பிள்ளைகளிடம் "பழகிக்கோங்க" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, சத்தம் பிறக்கிற இடத்தில் கை வைத்தார்கள், அவ்வளவுதான்.

மியூனிக் நகரிலும் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1992-இல் அங்கே பழைய விமான நிலையத்தை மூடிவிட்டுப் புதியதை வேறு இடத்தில் திறந்தார்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். புதிய நிலையத்துக்குப் பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் நீண்ட கால நினைவாற்றலும் சரிந்தன. பழைய நிலையத்துப் பிள்ளைகளுக்கு அவை மீண்டன. சத்தம் கெடுக்கும், சத்தம் நின்றால் பிள்ளைகள் தேறுவார்கள் என்று இரண்டையும் ஒரே ஆய்வு காட்டிவிட்டது.

சரி, எல்லாச் சத்தமும் டெசிபலுக்கு ஏற்றபடி மட்டும்தான் தொந்தரவு செய்கிறதா? இல்லை. கொட்டும் மழை நல்ல சத்தம்தான், அதில் சுகமாகத் தூங்குகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் எப்போது ட்ரில் போடுவார், எப்போது நிறுத்துவார் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் பைத்தியம் பிடிக்கவைக்கும். 1960-களின் கடைசியில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒழுங்கில்லாமல் திடீர் திடீரென்று வரும் சத்தத்தில் ஆட்களை உட்காரவைத்து வேலை கொடுத்தார்கள். சிலருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. "தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்" என்றார்கள். பொத்தானை அழுத்தாமல் அதே சத்தத்தை முழுக்கக் கேட்டவர்கள்கூட, பொத்தானே இல்லாதவர்களைவிட அடுத்து வந்த வேலைகளை நன்றாகச் செய்தார்கள். நிறுத்த முடியும் என்ற எண்ணமே அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அண்டை வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் இந்தப் பொத்தான் இல்லாததால் வருவதுதான் என்று நினைக்கிறேன். "நாளைக்குக் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை சுவரில் துளை போடப்போகிறோம், வீட்டில் யாராவது தூங்கணும்னா, பிள்ளைக்குப் பரீட்சைன்னா சொல்லுங்க, நேரத்தை மாத்திக்கலாம்" என்று முந்தின நாள் வந்து ஒருவர் சொன்னால், அந்த ட்ரில்லின் டெசிபல் ஒன்றுகூடக் குறையாது. ஆனாலும் அது வேறு சத்தமாகிவிடும். தொந்தரவைச் சொல்லப் போகிறவர்களும், பிரச்சினை சூடாக இருக்கிற ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டாமல் மறுநாள் பகலில் போவது நல்லது. "உங்க சத்தம் தாங்கல" என்பதைவிட "பாப்பா பத்து மணிக்குத் தூங்கும், அதுக்கு அப்புறம் பாட்டுல அந்த பேஸ் சத்தத்தை மட்டும் குறைச்சுக்க முடியுமா?" என்று ஒரு நேரத்தையும் ஒரு செயலையும் சொல்லிக் கேட்டால் காரியம் நடக்கும்.

மனிதர்களை மட்டும் பேசிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்து கடலடிச் சத்தம் 6 டெசிபல் இறங்கியது. தற்செயலாக அப்போது அங்கே வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களின் கழிவைச் சேகரித்துக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் இருந்தார்கள். அதில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் சத்தமான இடங்களில் வாழும் பட்டாணிக் குருவிகள், வாகன இரைச்சலுக்கு மேலே கேட்கவேண்டும் என்று உயர்ந்த சுருதியில் பாடுவது 2003-இல் பதிவானது. அவற்றிடம் போய் யாரும் பழகிப்போச்சா என்று கேட்க முடியாது.

இனி குறைப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். சத்தத்தை மூன்று இடத்தில் பிடிக்கலாம். பிறக்கிற இடத்தில், வருகிற வழியில், கேட்கிறவரின் காதில். நாம் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் அது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. ஆனால் பலன் அதிகம் கிடைப்பது முதல் இடத்தில்தான்.

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் தண்ணீர் மோட்டார் ஒன்று இருக்கிறது. அது ஓடும்போது பக்கத்தில் நின்றால் பெரிய சத்தம் இல்லை, மேல்தளத்துப் படுக்கையறையில்தான் உறுமும். எல்லாரும் மோட்டாரைப் பழையது என்று திட்டிக்கொண்டிருந்தோம், புதிதாக வாங்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. பழுது பார்க்க வந்த மெக்கானிக் மோட்டாரைத் தொடவே இல்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், பிறகு குழாயைப் பிடித்துப் பார்த்தார். "சத்தம் காத்துல வரல சார், கான்கிரீட்ல வருது" என்றார். மோட்டாரை நேராகத் தளத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். அதிர்வு தளத்துக்குள் இறங்கி, முழுக் கட்டடமும் அதன் ஒலிபெருக்கியாகிவிட்டிருந்தது. அவர் போல்டைக் கழற்றி, அடியில் தடித்த ரப்பர் கட்டைகளை வைத்தார். மோட்டாரிலிருந்து போகும் இரும்புக் குழாயில் ஒரு சாண் நீளத்தை வெட்டியெடுத்துவிட்டு வளையும் ரப்பர் குழாயைச் சேர்த்தார். சுவரோடு குழாயைப் பிடித்திருந்த கிளாம்புக்கு உள்ளேயும் ரப்பர் சுற்றினார். ஒரு காலைப் பொழுது வேலை. அன்று சாயங்காலம் மேல்தளத்து அக்கா, மோட்டார் போட்டதே தெரியவில்லை என்று தொட்டி நிரம்பி வழியும் வரை விட்டுவிட்டார். நியூயார்க் தண்டவாளத்துக்கு அடியில் வைத்ததும் இதே ரப்பர்தான். வாஷிங் மெஷின், ஜெனரேட்டர், ஏசியின் வெளிப்பெட்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வருகிற வழியை அடைப்பதில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். சுவரில் முட்டை அட்டை மாதிரி ஒட்டுகிற ஃபோம் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அது அறைக்குள் எதிரொலிப்பதைக் குறைக்கும், அவ்வளவே. வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுப்பது எடை, கனமான சுவர், கனமான கதவு, கனமான கண்ணாடி. அதைவிட முக்கியம் இடைவெளி. எவ்வளவு நல்ல சுவராக இருந்தாலும் அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது, கணக்கே அப்படித்தான். தண்ணீர் எங்கெல்லாம் கசியுமோ அங்கெல்லாம் சத்தமும் கசியும். அதனால் விலை உயர்ந்த கண்ணாடிக்குப் போகும் முன் சன்னல் சட்டத்தைச் சுற்றி ரப்பர் நாடாவும் கதவுக்கு அடியில் ஒரு தடுப்பும் போட்டுப் பாருங்கள். மரம் வைத்தால் சத்தம் குறையும் என்பதும் பாதி உண்மைதான். ஒற்றை வரிசை மரங்கள் டெசிபலை ஏறக்குறைய அசைப்பதே இல்லை, அடர்ந்த அகலமான தோப்பு வேண்டும். மரம் வேறு ஆயிரம் காரணத்துக்காக வைக்கலாம், இதற்காக மட்டும் வைத்து ஏமாறவேண்டாம்.

காதில் போடும் ஃபோம் அடைப்பானைப் பற்றி இரண்டு விஷயம். அதை விரலால் மெல்லியதாக உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை. இரண்டாவது, வேலை நேரம் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை எட்டு மணி நேரச் சத்தத்தில் நாலு மணி நேரம் கழற்றிவைத்தால், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு வெறும் 3 டெசிபல் அளவுக்குச் சரிந்துவிடும். பட்டறையில் இருக்கிற யாருக்காவது இதைப் படித்துக் காட்டுங்கள்.

சாலைச் சத்தம் என்றதும் எல்லாருக்கும் ஹார்ன் நினைவு வரும், சரிதான். ஆனால் ஹார்னே அடிக்காத சாலையும் இரையும். காரின் வேகம் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சினைவிட டயர் சாலையில் உராயும் சத்தம்தான் பெரிது. மின்சாரக் கார் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அதனால்தான் நெடுஞ்சாலையில் பலிக்காது. வேகத்தை 50-இலிருந்து 30-க்குக் குறைத்தால் 2, 3 டெசிபல் குறையும். கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் வாகனங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினாலும் அதே 3 டெசிபல்தான் கிடைக்கும். எது சுலபம் என்று பாருங்கள். பாரிஸ் 2021 ஆகஸ்டில் நகரின் பெரும்பாலான தெருக்களில் 30 கிலோமீட்டர் வரம்பைக் கொண்டுவந்தது, விபத்தோடு சத்தத்தையும் ஒரு காரணமாகச் சொல்லித்தான். நுண்துளைகள் உள்ள தார்ச்சாலையும் டயர் இரைச்சலை விழுங்கும். சரக்கு ரயில்களின் வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சக்கரத்தைச் சொரசொரப்பாக்கிவிடுவதால்தான் அவ்வளவு இரைச்சல். கட்டையை வேறு பொருளுக்கு மாற்றினால் 10 டெசிபல் வரை குறையும். சுவிட்சர்லாந்து 2020-இல் அந்த இரும்புக் கட்டைகளுக்குத் தடையே போட்டுவிட்டது. பாதையோரம் பல கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்புவதோடு ஒப்பிட்டால், சக்கரத்தில் கை வைத்தது எவ்வளவு தெளிவான வேலை.

ஒலிபெருக்கி வைக்கும் நிகழ்ச்சிகளுக்கும் இதே வழிதான். மேடையில் மலைபோல் அடுக்கி ஊர் முழுக்கக் கேட்கவைப்பதற்குப் பதில், கூட்டத்துக்கு இடையே சின்னப் பெட்டிகளைப் பரப்பி, குறைந்த ஒலியில் வைத்தால் வந்தவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும், வராதவர்கள் தூங்கலாம். அடிநாதமான பேஸ் ஒலிதான் சுவர்களைத் தாண்டி வெகுதூரம் போகும், அதை மட்டும் குறைத்தாலே பாதிப் புகார் நின்றுவிடும்.

ஜூலியா பார்னெட் ரைஸ் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. மருத்துவம் படித்தவர், நியூயார்க்கில் ஹட்ஸன் ஆற்றைப் பார்த்த வீட்டில் குடியிருந்தார். ராத்திரி முழுக்க இழுவைப் படகுகள் ஊதும். பெரிய மனிதர் வீட்டுப் பெண்ணுக்குத் தூக்கம் கெடுகிறதாம் என்று விட்டுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் சட்டக் கல்லூரி மாணவர்களை ஆற்றோரம் உட்காரவைத்து ஒவ்வோர் ஊதலையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். ஓர் இரவில் மூவாயிரத்தை நெருங்கியது. அதைவிட முக்கியமாக, எந்த ஊதல் எதற்கு என்று பிரித்தார். மோதலைத் தவிர்க்கும் எச்சரிக்கை கொஞ்சம்தான். பெரும்பாலானவை கரையில் இருக்கிற கூட்டாளியை எழுப்பவும், எதிர்ப்படகுக்காரருக்கு வணக்கம் சொல்லவும் ஊதியவை. ஆற்றோர மருத்துவமனைகளிலும் போய் நோயாளிகளின் நிலையைக் கேட்டு எழுதி வாங்கினார். 1906-இல் தேவையற்ற சத்தத்தை ஒடுக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார், 1907-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேவையில்லாமல் ஊதுவதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. மருத்துவமனைகளைச் சுற்றி அமைதி மண்டலங்கள் வந்ததிலும் அவர் பங்கு பெரிது.

எச்சரிக்கை ஊதலை நிறுத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவையான சத்தத்தைத் தேவையற்றதிலிருந்து பிரித்துக் காட்டினார். மோட்டார் சரியான பிறகு எங்கள் குடியிருப்பிலும் அதைச் செய்து பார்க்கிறோம். கீழ்த்தளச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தச் சத்தம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாருடைய வீடு என்று மட்டும் எழுதக்கூடாது. முதலில் வந்தவற்றில் லிஃப்ட் கதவு திறந்திருந்தால் அலறும் மணி இருந்தது, அதன் ஒலியைக் குறைக்கத் திருகு ஒன்று இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதை விடியற்காலையிலிருந்து பகல் பதினொன்றுக்கு மாற்றிவிட்டோம். இரும்பு வெளிக்கதவு அறைந்து சாத்தும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர் ஒட்டியிருக்கிறது. இன்னும் தாளில் மிச்சமிருப்பது பக்கத்து மனையின் கட்டட வேலை. அங்கே மேற்பார்வை பார்ப்பவரிடம் இரண்டு பேர் போய்ப் பேசப்போகிறோம். கல் அறுக்கும் இயந்திரத்தை எங்கள் பக்கச் சுவரிலிருந்து மறுகோடிக்குக் கொண்டுபோக முடியுமா, அறுக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்க வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்காக ஒரு டப்பா காதடைப்பானும் கையில் எடுத்துப் போகிறேன்.